தனலெட்சுமிக்கு ஒரு வசனம்

நோட்டின் மேல் ஓர் அரிசி கிடந்தது. பச்சரிசி. நனைந்திருந்தது.

சத்தியசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். வீட்டில் பச்சரிசி இருக்க வழியில்லை. தனலெட்சுமி போன இந்தப் பத்து நாளில் அவர் அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்ததோடு சரி; சோறு பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பஞ்சாலை என்பவளிடமிருந்து தூக்குச்சட்டியில் வந்துகொண்டிருந்தது. கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. சன்னலுக்கு வெளியே எண்ணெய்க்காக நட்ட செம்பனை வரிசைகளுக்கு நடுவே நாலு மணி வெயில் அசையாமல் கிடந்தது. அரிசியைச் சுற்றி மை கலங்கிப் பரவியிருந்தது. காலையிலிருந்து எழுதியது ஒரே வரி. அதுவும் போயிற்று.

அரிசியைச் சுண்டி எறிந்துவிட்டுத் தாளைக் கிழித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோயில் கமிட்டி ஒரு நினைவுத் தாள் அச்சடிக்க இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாடகத்தில் முப்பத்தோரு முறை மேடையேறியவள் தனலெட்சுமி. ஒரு வார்த்தை பேசாமல், வெறும் முகத்தை வைத்துக்கொண்டு, புக்கிட் பெலண்டோக் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களையெல்லாம் அழ வைத்தவள். அந்த முப்பத்தொன்றையும் எழுதியவர் சத்தியசீலன். தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவருக்குத் தன் மனைவியைப் பற்றி ஒரு பக்கம் வரவில்லை. எழுத எழுத அது திருவிழா நோட்டீஸ் மாதிரியே ஆகிக்கொண்டிருந்தது.

கைப்பேசி அடித்தது. வீரமுத்து. நாடகங்களில் எப்போதும் அண்ணன் வேஷம் கட்டுகிறவன், கமிட்டிச் செயலாளர்.

"வாத்தியாரே, சிரம்பான் அச்சுக்கடைக்காரன் என் உசுர வாங்குறான் லா. எழுதியாச்சா?"

"எழுதுறேன்."

"நாலு நாளா இதே வசனம்தான். வேற மாத்துங்க."

"வரமாட்டுது வீரமுத்து."

"சரி, நான் ஒன்னு எடுத்துக் குடுக்குறேன். தொண்ணூத்தெட்டுல நடு மேடையில எனக்கு வசனம் மறந்துபோய் மரமாட்டம் நின்னேன், ஞாபகம் இருக்கா? எடுத்துக் குடுக்க வேண்டிய நீங்க பின்னால எங்கயோ சிகரெட் பிடிக்கப் போய்ட்டீங்க. அக்காதான் படுதா ஓரமா நின்னு வாயசைச்சுக் காட்டுனாங்க. அத எழுதுங்க. எங்க எல்லாரு வசனமும் அவங்களுக்கு மனப்பாடம்."

"அவளுக்கா? அவளுக்கு எதுக்கு வசனம்?"

"அத நீங்கதான் சொல்லணும்," என்று வைத்துவிட்டான்.

சத்தியசீலனுக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கு ஏன் வசனம் இல்லை என்று வீரமுத்துவுக்குத் தெரியாதா என்ன? முதல் நாடகத்தன்று அவனும் மேடையில்தானே நின்றான். தொண்ணூறில் தனலெட்சுமிக்கு இருபது வயது. ரப்பர் பால் வெட்டுகிற பெண். அவளுக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்திருந்தார்: 'அண்ணே, விளக்க அணைச்சிடாதீங்க. யாரோ வர்றாங்க.' முதல் பாதியைச் சொன்னாள். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் உடைந்து, கரகரத்து, வயசாளி ஆணின் குரல் போல வந்தது. கூட்டம் சிரித்தது. விசில் பறந்தது. இரண்டாம் பாதியை அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். ஒரு நிமிடம். சிரிப்பு தானாக அடங்கியது. அதற்குப் பிறகு பெண்கள் பக்கம் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

அன்றுதான் அவருக்குப் பொறி தட்டியது. மறு வருடத்திலிருந்து ஊமைத் தங்கை, ஊமைத் தாய், வாயடைத்துப்போன விதவை. அதற்குள் அவளைக் கல்யாணமும் செய்துகொண்டார். ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் அவள் தோளைத் தட்டி, "ஒரு வார்த்த பேசல, எல்லாத்தையும் சொல்லிட்ட," என்பார். அவள் தலையாட்டுவாள். போன வருடம்தான், அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அடுத்த நாடகத்துல எனக்கு ஒரு வசனம் எழுதுவீங்களா?" அவர் சிரித்துவிட்டார். "இத்தன வருஷம் கட்டுனத ஒரு நிமிஷத்துல இடிக்கச் சொல்றியா?"

அதற்கும் அவள் தலையாட்டினாள்.

ஏழேகால் மணிக்கு, வெளியே வெளிச்சம் நீலமாகி மரங்களுக்குள் வடியும் நேரத்தில், அவள் படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு, வழக்கப்படி செம்பில் தண்ணீர் மாற்றி வைத்தார். குழல் விளக்கைப் போட்டார். அப்போது சமையலறைப் பக்கம், காலி வீட்டின் சிமெண்டுத் தரையில், சொட்டு விழுவது போலவும் இல்லாமல் பல்லி கத்துவது போலவும் இல்லாமல், மிகச் சிறியதாக, ஈரமும் கெட்டியுமாக ஒரு சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. கூடவே மழை பெய்த இடுகாட்டு மண்ணும் அணைந்த சாம்பிராணியும் கலந்த ஒரு வாடை, நடக்கத் தெரிந்தது போல, கூடத்துக்குள் வந்தது.

சமையலறை வாசலில் தனலெட்சுமி நின்றாள்.

மேடையில் நிற்பது போலவே முக்கால் பக்கம் திரும்பி, ஒரு தோள் கதவு நிலையில் சாய்ந்து, முகத்தில் பாதி நிழலில். அடக்கம் செய்தபோது கட்டியிருந்த அதே மாம்பழ நிறப் பட்டு. கொண்டையின் உச்சியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அவர் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அவள் வலக்கையைத் தூக்கினாள். விரல் நுனிகளைக் குவித்துத் தன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு கையை உச்சந்தலைக்குக் கொண்டுபோய், இரண்டு கைகளாலும் எதையோ பிரிப்பது போல விலக்கினாள். நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். மறுபடி செய்தாள்.

பிறகு வாசலில் யாருமில்லை. தரையில் ஏழெட்டு அரிசி கிடந்தது.

அன்று அவர் விளக்கை அணைக்காமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவள் எதையோ சொல்ல வந்திருக்கிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் போய்விடுவாள். அவள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறார். இன்னும் ஆறு நாளில் அதை நிரூபித்தாக வேண்டும்.

கன்னத்தைத் தொட்டாள் என்றால் பசி. மறுநாள் பஞ்சாலையிடம் சொல்லி அவளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரை எல்லாம் செய்து வாங்கி இலை போட்டார். ஏழேகாலுக்கு அவள் வந்தாள். இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதே சைகை. கன்னம். உச்சந்தலை. பிரித்தல்.

தலையில் அந்த வெள்ளை. பூ! பூ கேட்கிறாள். பன்னிரண்டாம் நாள் மோட்டார் சைக்கிளில் லுக்குட் பட்டணம் வரை போய் நாலு முழம் மல்லிகை வாங்கி வந்து படத்துக்குச் சாத்தினார். அவள் வந்தாள். பூவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருடத்தில் அவர் ஒரு முறையும் பார்த்திராத ஒன்று அந்த முகத்தில் ஓடியது. மேடையில் கோபம் செய்வாள், அது அழகாக இருக்கும். இது அழகாக இல்லை. வேலைக்கு ஆகாத ஒருவனிடம் மூன்றாம் முறையாக ஒன்றையே சொல்ல வேண்டியிருக்கிறவளின் சலிப்பு.

பதின்மூன்றாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. கன்னம், உச்சந்தலை, பிரித்தல். தலைவலியா? இல்லையென்று தலையை ஆட்டினாள். குங்குமமா? எண்ணெயா? எங்காவது நகை வைத்திருக்கிறாயா? ஒவ்வொன்றுக்கும் அவள் சைகை வேகமாகியது. காலால் தரையை உதைத்தாள். சத்தமே வரவில்லை, அரிசிகள் மட்டும் எகிறிச் சிதறின.

"என்னதான்டி வேணும்?" என்று கத்தினார். "வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

அவள் கைகள் அந்தரத்தில் நின்றன.

நிழலிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். குழல் விளக்கின் வெளிச்சம் முதல்முறையாக முழு முகத்திலும் விழுந்தது. உச்சியில் இருந்தது பூ இல்லை. துணி. வெள்ளைத் துணி, இரண்டு காதோரமும் இறங்கி, தாடைக்கு அடியில் போய், சதை பிதுங்க இறுகியிருந்தது. உதட்டு இடுக்கில் அரிசி.

காலையில் தூக்குச்சட்டியோடு வந்த பஞ்சாலை அவர் முகத்தைப் பார்த்ததுமே வாசற்படியில் நின்றுவிட்டாள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். தோட்டத்தில் யார் செத்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"கிராணி, தூங்கலியா?"

"பஞ்சால, அன்னிக்குக் குழியில எறக்குறப்ப..." அவருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "கட்டெல்லாம் அவுத்தோமா?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"கால் பெருவெரல் கட்ட அவுத்தேன். கைக்கட்டு அவுத்தேன். வாய்க்கட்டுல கை வச்சேன், நீங்க என் கையத் தட்டி உட்டீங்க. மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அவள் வாய் இலேசாகத் திறந்திருந்தது. துணியை அவர்தான் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். உதடுகள் சேர்ந்ததும் அந்த முகம் வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த அந்த முகம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள். வாயரிசி போட்டவர்கள் மூடிய உதட்டின் மேலேயே போட்டார்கள்.

"ஊரே நிக்குது, தொறந்தா அசிங்கமா இருக்கும், அப்படியே இருக்கட்டும்னீங்க," என்றாள் பஞ்சாலை. "நான் என்ன செய்ய? எசமான் நீங்க. கட்டோட போனவ எங்க போவா? வாயத் தொறக்கவும் முடியாது, மெல்லவும் முடியாது." குரலைத் தாழ்த்தினாள். "வர்றாளா?"

அவர் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்தா அவுத்து உட்டுருங்க. நாளான்னைக்குக் காரியம். அதுக்கு முன்னாடி." தூக்குச்சட்டியை எடுத்து நீட்டவில்லை. படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை தனலெட்சுமி வரவில்லை. பதினைந்தாம் நாள் மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தொட முடியுமா, தொட்டால் குளிருமா, தோல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேயிருந்தார். ஏழு மணிக்கு மழை ஒரே வெட்டாக நின்றது. தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

டிக்.

அவள் அவருக்கு முன்னால், தரையில் கிடந்த மணையில் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டியபடி. நாடகத்தன்று மாலைகளில் அப்படித்தான் உட்காருவாள். சவுரி வைத்து அவள் கொண்டையை முடிவது ஒவ்வொரு வருடமும் அவர்தான். அவர் விரல்களுக்கு அந்தத் தலை தெரியும்.

நாற்காலியிலிருந்து இறங்கி மண்டியிட்டார். துணி ஊறிப்போயிருந்தது. முடிச்சு பட்டாணிக்கடலை அளவுக்குச் சிறுத்துக் கல்லாகியிருந்தது. நகம் நுழையவில்லை. நகம் மடங்கியது. அவள் பொறுமையாக இருந்தாள். கத்தரிக்கோல் அலமாரியில் இருந்தது. எழுந்து போனால் திரும்பி வரத் துணிவு இருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. குனிந்தார். முகம் அவள் கூந்தலில் பட்டது. மண். சாம்பிராணி. இனிப்பாக இன்னொன்று. பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார்.

அவிழ்ந்தது.

துணி அவர் மடியில் விழுந்தது. அவள் மெல்லத் திரும்பினாள். தாடை இறங்கியது. இன்னும் இறங்கியது. உள்ளிருந்து நனைந்த அரிசி வாரி வாரி விழுந்தது. ஒரு பிடி, இரண்டு பிடி, அவ்வளவு அரிசியை யாரும் போடவில்லை. பிறகு அந்தக் குரல். உடைந்த, கரகரத்த குரல்.

"அண்ணே, விளக்க அணைச்சிடாதீங்க. யாரோ வர்றாங்க."

அவருக்கு அழுகை வந்தது. முடிந்தது. சொல்லிவிட்டாள். இதற்காகத்தான்.

அவள் நிறுத்தவில்லை. அடுத்து வீரமுத்துவின் வசனம். அதற்கடுத்துத் தாய் வேஷக்காரியின் வசனம். முதல் நாடகம், முதல் காட்சி, ஒரு சொல் பிசகாமல். யார் யாருக்கோ அவர் எழுதிக் கொடுத்தவை. இரண்டாம் காட்சி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அரிசி. கண் இமைக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. முப்பத்தோரு நாடகம்.

போதும் தனம், என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார்.

திறக்கவில்லை.

மடியைப் பார்த்தார். துணி அங்கே இல்லை. கையை உச்சந்தலைக்குக் கொண்டுபோனார். ஈரம். சின்னதாக, கெட்டியாக.

முடிச்சு.

விடிந்ததும் தெமியாங்கிலிருந்து தனலெட்சுமியின் தங்கை குமுதவல்லி வாழையிலைக் கட்டும் பாத்திரங்களுமாக வந்து இறங்கினாள். பின்னாலேயே வீரமுத்து, வாத்தியாருக்குக் காத்திராமல் தானே எழுதி அச்சடித்த தாள்களோடு. பஞ்சாலை கேட் வரை வந்தவள், உள்ளே உட்கார்ந்திருந்தவரை ஒரு முறை பார்த்துவிட்டு, "நான் வர்லம்மா," என்று திரும்பிப் போய்விட்டாள்.

"அத்தான்? குளிக்கலியா? ஐயரு வந்துருவாரு." குமுதவல்லி குனிந்து பார்த்தாள். "என்ன அத்தான், ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

அவர் விரல்களைக் குவித்துக் கன்னத்தைத் தொட்டார்.

"பசியா? கொஞ்சம் பசியாறிட்டு..."

இல்லையென்று தலையை ஆட்டினார். கையை உச்சிக்குக் கொண்டுபோனார். பிரிப்பது போல இழுத்துக் காட்டினார். மறுபடி. மறுபடி. அவர்கள் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை.

"தலவலியா? பூவா? அக்கா படத்துக்குப் பூவா? வாங்கியாந்துட்டேன் அத்தான், பையில இருக்கு."

அவர் காலால் தரையை உதைத்தார். மணையில் தனலெட்சுமி நான்காம் நாடகத்தின் கோர்ட்டுக் காட்சியில் இருந்தாள். வக்கீலின் நீண்ட வசனம். ஒரு தடவையும் அவர் பக்கம் திரும்பவில்லை. இவர்கள் காதில் எப்படி விழாமல் இருக்கும்? வீரமுத்துவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கண்ணால் மணையைக் காட்டினார். முகத்தில் இருந்த தசைகளையெல்லாம் திரட்டிக் கெஞ்சினார்.

வீரமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாரு தங்கச்சி, வாத்தியாரப் பாரு," என்றான். "அப்படியே அக்கா மொகம். ஒரு வார்த்த பேசல, எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

குமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

சத்தியசீலனின் நாக்கின் அடியில் ஈரமாக, சின்னதாக ஒன்று புரண்டது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.